போடோனி எழுத்துரு எல்லா அளவுக்கும் ஏற்றதல்ல
"கல்யாணப் பத்திரிகையின் ஆங்கிலப் பக்கம் முழுவதையும் போடோனியிலேயே அடிக்கலாம், எந்த அளவிலும் பளிச்சென்று விழும்" என்று சிலர் சொல்வது தவறு. மணமக்கள் பெயருக்குச் சரி. பெரிதாகப் போட்டால் அதற்கு ஈடே இல்லை. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் இத்தாலியின் பார்மாவில் போடோனி என்ற அச்சுக்கலைஞர் வடித்த பாணி இது. எழுத்தின் நிற்கும் கோடு தடிமன், குறுக்குக்கோடு மயிரிழை, அழகே அதுதான். ஆனால் 7, 8 புள்ளி (பாயின்ட்) என்ற சின்ன எழுத்தளவில் அந்த இழை தாங்காது.

கும்பகோணத்தில் சிவப்பு அட்டையில் தங்க மையால் ஸ்கிரீன் பிரிண்டிங் செய்த பத்திரிகை கையில் இருந்தால், மண்டப முகவரியை உற்றுப் பாருங்கள். ஆங்கிலச் சின்ன 'e'யின் நடுக்கோடு அறுந்து 'c' மாதிரி நிற்கும். பாவம், பெரியவர்கள் எப்படிப் படிப்பார்கள்?

1994இல் ஐடிசி என்ற எழுத்துரு நிறுவனம் வெளியிட்ட ஐடிசி போடோனி 6, 12, 72 புள்ளிக்கெனத் தனித்தனியாக வரையப்பட்டது இதற்காகத்தான். முகவரிக்கு அந்த 6 புள்ளி வடிவத்தைக் கேளுங்கள்.