திண்ணை வெயிலுக்கு எது?

மின்நூல் படிக்கப் பத்தாயிரம் ரூபாய்க்குள் எது வாங்கலாம் என்று அலசிய ஒரு கட்டுரை, டேப்லெட்தான் சரி, மின்நூல் படிப்பதற்கென்றே உள்ள ஈ-ரீடர் வீண் என்று முடித்துவிட்டது. அம்பாசமுத்திரத்தில் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பாருங்கள்: சித்திரை வெயிலில் டேப்லெட்டில் நம் முகம்தான் தெரியும்; ஈ-ரீடரின் காகிதம் போன்ற இ-இங்க் திரையிலோ எழுத்து அச்சுப்போல நிற்கும். சார்ஜரையும் தினமும் தேட வேண்டாம்.

ஆனால் அப்பாவுக்கு 6 அங்குல ரீடர் வாங்கிக் கொடுத்தது என் தப்பு. அவர் படிப்பது தமிழ் இணையக் கல்விக்கழக மின்நூலகத்தின் பழைய நூல்கள், எல்லாம் பக்கங்களைப் படமாக ஸ்கேன் செய்த பிடிஎஃப். பெரிதாக்கினால் வரி திரைக்கு வெளியே ஓடிவிடுகிறது. "இதுக்கு லைப்ரரிக்கே நடந்து போயிரலாம்லா" என்றார். அந்த வகைக்கு 10 அங்குல டேப்லெட்தான் சரி. தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாகத் தரும் மதுரைத் திட்டத்தின் இபப் (EPUB) கோப்புகள் என்றால், வரி திரைக்கேற்ப மடங்கிக்கொள்ளும்; எழுத்தை வேண்டிய அளவுக்குப் பெரிதாக்கலாம், சின்ன ரீடரே போதும்.