ஒரு வருட எம்எஸ்சியில் நர்ஸ் ஆகிவிட முடியாது

"எந்த டிகிரி இருந்தாலும் சரி, இங்கிலாந்தில் ஒரு வருஷம் எம்எஸ்சி நர்சிங் படித்தால் நர்ஸாகப் பதிவு செய்துவிடலாம், சம்பளமும் ஒரு படி மேலே" என்று எழுதியிருக்கிறீர்கள். முதல் பாதியில் மட்டும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. வேறு பாடத்தில் டிகிரி வாங்கியவர்கள் சேரும் எம்எஸ்சி அடல்ட் நர்சிங் உண்டு. ஆனால் அது பொதுவாக 2 வருடம். நீங்கள் சொல்லும் ஒரு வருடப் படிப்பு பெரும்பாலும் ஏற்கெனவே நர்ஸாக இருப்பவர்களுக்கானது. அதை முடித்தால் பட்டம் வரும், பதிவு வராது. பெயர் ஒரே மாதிரி இருப்பதால்தான் இந்தக் குழப்பம். ஏஜென்ட்டுகளுக்கு அது வசதியும்கூட.

நர்ஸ்களைப் பதிவு செய்யும் பிரிட்டன் நர்சிங் கவுன்சிலான என்எம்சி கேட்பது 4,600 மணி நேரப் பயிற்சி. அதில் பாதி, 2,300 மணி, செயல்முறைப் பயிற்சி. முந்தைய படிப்புக்கும் அனுபவத்துக்கும் கழிவு கிடைப்பதால்தான் 2 வருடத்தில் முடிகிறது. அப்படியும் வார்டில் நைட் ஷிஃப்ட், வார இறுதி எல்லாம் உண்டு. ஒவ்வொரு ஷிஃப்டுக்கும் டைம்ஷீட்டில் கையெழுத்து வாங்க வேண்டும். காய்ச்சலில் 2 நாள் போகாவிட்டால் அந்த மணி நேரத்தைப் பிறகு ஈடுகட்ட வேண்டும்.

சம்பளம்? அங்குள்ள அரசு மருத்துவச் சேவையான என்எச்எஸ்ஸில் பிஎஸ்சி முடித்தவரும் எம்எஸ்சி முடித்தவரும் வழக்கமாக பேண்ட் 5 என்ற ஒரே சம்பளப் படியில்தான் தொடங்குகிறார்கள்.

அப்புறம், தமிழ்நாட்டில் பிஎஸ்சி நர்சிங் முடித்துப் பதிவும் வைத்திருப்பவர் இந்தப் படிப்புக்குப் பணம் கட்டத் தேவையே இல்லை. ஆங்கிலத் தகுதியைக் காட்டி, சிபிடி என்ற கணினித் தேர்விலும் ஆஸ்கி என்ற செயல்முறைத் தேர்விலும் தேறுவதுதான் அவருக்கான வழி.