ஃபிஃபா ஹெட்டரைத் தடை செய்துவிட்டதா? இல்லை

களியக்காவிளை, தூத்தூர் பக்கத்து வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது: “கால்பந்தில் தலையால் முட்டுவதை ஃபிஃபா தடை செய்துவிட்டது. ஒரு தடவை முட்டினாலே மூளை கெட்டுப்போகும்.”

இரண்டுமே தவறு. விதிப்படி ஹெட்டர், அதாவது பந்தைத் தலையால் முட்டுவது, இன்றும் செல்லும். சில நாடுகளில் சிறுவர்களுக்குக் கட்டுப்பாடு உண்டு. அமெரிக்காவில் 2015-ல் 10 வயது வரை தடை அறிவித்தார்கள். இங்கிலாந்தில் 2020 முதல் 11 வயதுக்குட்பட்டவர்களுக்குப் பயிற்சியில் ஹெட்டர் கிடையாது.

அதற்காக, பயப்பட ஒன்றுமே இல்லை என்றும் விட்டுவிட முடியாது. 2019-ல் கிளாஸ்கோ பல்கலைக்கழகம் ஸ்காட்லாந்தின் முன்னாள் தொழில்முறை வீரர்கள் 7,676 பேரின் பதிவுகளை அலசியது. மறதிநோய் போன்ற மூளைச் சிதைவு நோய்களால் இறக்கும் வாய்ப்பு அவர்களுக்கு மற்றவர்களைவிட ஏறக்குறைய மூன்றரை மடங்கு இருந்தது. அடுத்து வந்த ஆய்வில் டிஃபென்டர்களுக்கே (எதிரணியைத் தடுத்து ஆடுபவர்கள்) ஆபத்து அதிகம், கோல்கீப்பர்களுக்குக் குறைவு. இதெல்லாம் வருஷக்கணக்கில் ஆடியவர்களின் கதை, ஒரு முட்டில் வருவதல்ல.

சரி, நம் ஊரில் என்ன செய்யலாம்? எட்டு வயசுப் பிள்ளைகளை மணலில் வரிசையாக நிறுத்தி, காற்று இறுக ஏற்றிய பந்தைத் தூக்கிப்போட்டு முட்டச் சொல்வதைப் பயிற்சி தரும் அண்ணன்மார் இன்றே நிறுத்தலாம். அடிபட்டுத் தலை சுற்றுகிறது என்று பிள்ளை சொன்னால் உடனே ஆட்டத்திலிருந்து வெளியே எடுத்து டாக்டரிடம் காட்டுங்கள்.