ரீச்சரின் கொப்பி

நேற்றுப் பின்னேரம் ரீச்சர் போன் எடுத்தார். எனக்கு ஏழாம் ஆண்டில் கணக்குப் படிப்பித்தவர். ஓய்வுபெற்று இப்போது கொக்குவிலில் தனிய இருக்கிறார். மகளும் பேரப்பிள்ளைகளும் கனடாவில், ஸ்காபரோவில். கிழமைக்கு இரண்டு தரம் லப்டொப்பில் வீடியோ கோல். அந்த இரண்டு கோலுக்காகத்தான் அவர் அறுபத்தெட்டு வயதில் கொம்பியூட்டர் பழகினார்.

“தம்பி, நான் கதைக்கிறது பிள்ளையளுக்குக் கேக்குதில்லையாம். கிணத்துக்குள்ள நிண்டு கதைக்கிற மாதிரிக் கிடக்காம்.”

மைக்கின் அளவு போதவில்லை என்று விளங்கியது. கீழே வலது மூலையில் இருக்கிற ஸ்பீக்கர் படத்தில் ரைட் கிளிக் பண்ணச் சொன்னேன். ‘சவுண்ட் செற்றிங்ஸ்’ வந்தது. அதில் மைக்குக்கென்று ஒரு கோடு இருக்கும், அதை நூறு வரைக்கும் இழுக்கச் சொன்னேன். இழுத்தார். மகளுக்கு இன்னும் கேட்கவில்லை.

ரீச்சருக்குத் தேவைப்பட்டது மைக்ரோபோன் பூஸ்ட் என்கிற, மைக்கின் சத்தத்தை இன்னும் கூட்டுகிற இன்னொரு கோடு. அது அந்தப் பக்கத்தில் இல்லை. பக்கத்தின் அடிமட்டும் போய் ‘மோர் சவுண்ட் செற்றிங்ஸ்’ என்பதை அமத்த வேண்டும். அமத்தினார். கொஞ்ச நேரம் சத்தமில்லை.

“தம்பி, இது வேற ஒரு சின்னப் பெட்டி வந்திருக்கு. பழைய மாதிரி. நான் ஏதும் பிழையா அமத்திப்போட்டனோ?”

பிழை ஒன்றும் இல்லை ரீச்சர், அதுதான் சரி என்றேன். அந்தப் பெட்டியில் ‘ரெக்கோர்டிங்’. அதில் மைக்கின் பெயரில் இரண்டு தரம் தட்ட, அதற்கு மேலே இன்னொரு பெட்டி. அதில் ‘லெவல்ஸ்’. அங்கேதான் அந்த இரண்டாவது கோடு கிடந்தது. இழுத்ததும் ஸ்காபரோவில் சின்னவனின் சத்தம் எனக்கே போனில் கேட்டது. “அம்மம்மா, இப்ப கேக்குது!”

நாங்கள் கதைத்த நேரம் முழுக்க ரீச்சர் ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டிருந்திருக்கிறார். என்ன அமத்தினோம், என்ன வந்தது, எல்லாம் இலக்கம் போட்டு. முதல் பத்துப் பக்கம் விண்டோஸ் 10-க்கு எழுதியது. போன வருடம் லப்டொப் மாற்றி 11 வந்த பிறகு அதில் அரைவாசிக்கு மேல் குறுக்குக் கோடு போட்டு வெட்டியிருக்கிறார். கடைசியாகக் கேட்டார்: “இதைப் பேனையால எழுதட்டோ, பென்சிலால எழுதட்டோ?” பென்சிலால் எழுதுங்கோ என்றேன். பிறகு அவர் சொன்ன வசனத்துக்காகத்தான் இந்தப் பதிவு. “எனக்கு இப்ப ஒண்டும் மண்டையில ஏறுதில்லைத் தம்பி. வயசு போட்டுது.”

ரீச்சரின் மண்டையில் ஒரு குறையும் இல்லை. ஒருங்கமை சமன்பாட்டைக் கரும்பலகையில் மூன்று விதமாகச் செய்து காட்டி, மூன்றிலும் ஒரே விடை வருவதை எங்களுக்குக் காட்டியவர் அவர். ஒரே படியைச் செய்தால் ஒரே விடை வரவேண்டும் என்று எதிர்பார்ப்பது அறிவுள்ள ஆளின் எதிர்பார்ப்பு. பிழை இருப்பது அவருக்கு முன்னால் இருக்கிற திரையில். அதை நான் இன்றைக்கு வெளிப்படையாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் இந்த “மண்டையில ஏறுதில்லை” என்ற கதையைக் கிழமைக்கு நாலைந்து பேரிடமாவது கேட்கிறேன். வயது போனவர்கள் மட்டும் சொல்வதில்லை. ஏ.எல் எழுதிவிட்டு நிற்கிற பிள்ளைகளும் சொல்கிறார்கள்.

விண்டோஸின் செற்றிங்ஸ் இரண்டாகப் பிளந்து கிடப்பதற்கு ஒரு வரலாறு உண்டு. மெசினின் அமைப்புகளை மாற்றுகிற கொன்ட்ரோல் பனல் 1985 நவம்பரில் வந்த முதலாவது விண்டோஸிலேயே இருந்தது. மணிக்கூடு, பிரிண்டர், மவுஸ் எல்லாவற்றுக்கும் அதுதான் வாசல். 2012-இல் விண்டோஸ் 8 வந்தபோது, தொடுதிரைக்கு ஏற்ற மாதிரி ‘பிசி செற்றிங்ஸ்’ என்று இரண்டாவது வாசல் ஒன்றைத் திறந்தார்கள். 2015-இல் விண்டோஸ் 10-உடன் அது ‘செற்றிங்ஸ்’ என்று பெருத்தது. 2021-இல் 11 வந்தபோது அதன் முகத்தை மறுபடி மாற்றினார்கள். 2024 ஓகஸ்டில் விண்டோஸைச் செய்கிற மைக்ரோசொஃப்ட்டின் உதவிப் பக்கம் ஒன்றில், கொன்ட்ரோல் பனலைக் கைவிடும் வேலை நடக்கிறது என்ற கருத்தில் ஒரு வரி இருந்தது. செய்தி உலகமெல்லாம் பரவியதும் அந்த வரியைத் திருத்தி, அதிலுள்ள பல விடயங்கள் செற்றிங்ஸுக்கு மாற்றப்படுகின்றன என்று மென்மையாக்கினார்கள். ஆக 2012-இல் தொடங்கிய குடிபெயர்வு இன்னும் முடியவில்லை. அந்த வருடம் பிறந்த பிள்ளை இப்போது சாதாரணதர வகுப்பை நெருங்குகிறது.

எங்கள் ஊரில் வெளிநாட்டுக் காசு வந்ததும் வீட்டின் முன்பக்கத்தைப் புதிதாகக் கட்டுவார்கள். மாபிள் போட்ட விறாந்தை, பெரிய ஹோல். பின்னுக்குக் குசினியும் கிணற்றடியும் பாட்டன் காலத்தில் இருந்தபடியே இருக்கும். அந்த வீட்டில் இருக்கிறவர்களுக்கு அது கஷ்டமில்லை. உப்பு எங்கே, வாளி எங்கே என்று பிறந்த நாளில் இருந்து தெரியும். புதிதாக வந்த மருமகளுக்குத்தான் தெரியாது. விண்டோஸில் எல்லோரும் புதிதாக வந்த மருமகள் மாதிரித்தான் நிற்க வேண்டியிருக்கிறது, ஏனென்றால் சாமானை ஒவ்வொரு இரண்டு மூன்று வருடத்துக்கும் இடம் மாற்றி வைக்கிறார்கள்.

பெயரும் மாறுகிறது. கொம்பியூட்டரில் போட்ட ஒரு புரோகிராமைக் கழற்றுகிற இடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். விண்டோஸ் எக்ஸ்பி என்ற பழைய பதிப்பில் அதற்குப் பெயர் ‘அட் ஓர் ரிமூவ் புரோகிராம்ஸ்’. விஸ்ராவிலும் 7-இலும் ‘புரோகிராம்ஸ் அன்ட் ஃபீச்சர்ஸ்’. 10-இல் ‘அப்ஸ் அன்ட் ஃபீச்சர்ஸ்’. 11-இல் இப்போது ‘இன்ஸ்டோல்ட் அப்ஸ்’. ஒரே வேலைக்கு நாலு பெயர். “பேரைத் தேடல் பெட்டியில அடிச்சா வருந்தானே” என்று என் நண்பர்கள் சொல்வார்கள். பெயர் தெரிந்தவனுக்குத்தான் தேடல் உதவும். பெயரே தெரியாமல் நிற்கிற ஆளுக்கு, அதுவும் ஆங்கிலத்தில் அடிக்க வேண்டிய ஆளுக்கு, அந்தப் பெட்டி வெறும் வெள்ளைக் கட்டம்.

எனக்கு அதிகம் கோபம் வருவது கீபோர்ட் விடயத்தில். இது எங்கள் பிரச்சினை. நியூயோர்க்கில் இருக்கிற ஒருத்தருக்கு ஒரு மொழி போதும். இங்கே ஓர் அலுவலகத்தில் கடிதம் அடிக்கிற பிள்ளைக்குத் தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றும் அந்த ஒரே மெசினில் வேண்டும். மூன்றையும் போட்டால் இடது பக்க ஆல்ட்டும் சிஃப்ட்டும் ஒன்றாக அமத்துப்பட்டாலே மொழி மாறிவிடும். வேகமாக அடிக்கிற கைக்கு இது அடிக்கடி தானாக நடக்கும். பாதி வசனம் தமிழில் இருக்க, மிச்சம் சிங்கள எழுத்தாக வந்து நிற்கும்.

அப்படி ஒரு பிள்ளை என்னிடம் வந்தாள். எத்தனை பக்கத்தை அழித்து அழித்து அடித்திருக்கிறாள் என்று சொல்லும்போதே கண் கலங்கியது. அந்த ஆல்ட்-சிஃப்ட்டை நிற்பாட்ட வழி இருக்கிறது. வழியைக் கேளுங்கள். விண்டோஸ் 11-இல் செற்றிங்ஸ், அதற்குள் ‘ரைம் அன்ட் லாங்குவேஜ்’, அதற்குள் ‘ரைப்பிங்’, அதற்குள் ‘அட்வான்ஸ்ட் கீபோர்ட் செற்றிங்ஸ்’, அதற்குள் ‘இன்புட் லாங்குவேஜ் ஹொட் கீஸ்’. இதுவரைக்கும் புது முகம். அதை அமத்தியதும் எக்ஸ்பி காலத்துப் பழைய சாம்பல் பெட்டி ஒன்று குதிக்கும். அதில் ‘சேஞ்ச் கீ சீக்குவென்ஸ்’ என்று ஒரு பட்டன். அதை அமத்த இன்னும் ஒரு குட்டிப் பெட்டி. அதில் ‘நொட் அசைன்ட்’ என்பதைத் தெரிந்து, இரண்டு பெட்டிக்கும் ஓகே கொடுத்து வெளியே வர வேண்டும். விண்டோஸ் 10-இல் இதே ‘ரைப்பிங்’ மொழிப் பக்கத்தில் இல்லை, ‘டிவைசஸ்’ என்பதற்குள் இருந்தது. அவளுடைய அலுவலகத்தில் நாலு மெசின், இரண்டு 10, இரண்டு 11. நான் அவளுக்கு இரண்டு தாள் எழுதிக் கொடுத்தேன்.

மொழியைச் சேர்ப்பது புதுப் பக்கத்தில். மொழி மாறுகிற கீயை மாற்றுவது பழைய பெட்டியில். யூனிகோட் (எல்லா மொழிக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டு முறை) தெரியாத பழைய புரோகிராம்களுக்கு எந்த மொழி என்று சொல்வது ‘ரீஜன்’ என்ற வேறொரு பழைய பெட்டியின் ‘அட்மினிஸ்ரேற்றிவ்’ பக்கத்தில். லொகின் திரையில் எந்தக் கீபோர்ட் நிற்க வேண்டும் என்பதும் அங்கே இருக்கிறது. தமிழ் எழுதுவது என்ற ஒரு காரியத்தை இத்தனை துண்டாக வெட்டி வைத்திருக்கிறார்கள். எங்கள் ஆட்கள் ஏன் இன்னும் பாமினி என்ற, யூனிகோட் அல்லாத பழைய தமிழ் எழுத்துருவை விடாமல் வைத்திருக்கிறார்கள் என்று யூனிகோட் பற்றிப் பேசுகிற எல்லோரும் கேட்கிறார்கள். பாமினிக்கு எழுத்துருவைப் போட்டால் போதும், வேறு எந்தக் கதவையும் தட்டத் தேவையில்லை. அதுவும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

பிரிண்டர் கதை சின்னது. பரமேஸ்வராச் சந்திப் பக்கம் போட்டோக் கொப்பிக் கடை வைத்திருக்கிற அண்ணை ஒருவரிடம் ஒரு கறுப்பு லேசர், ஒரு கலர் பிரிண்டர். ஒரு படத்தைக் கலரில் எடுத்தால், அடுத்து வருகிற பிள்ளையின் அசைன்மென்ட் முழுக்கக் கலர் பிரிண்டருக்குப் போகும். மை விலை உங்களுக்குத் தெரியும். விண்டோஸ் 10 வந்த காலத்தில் இருந்து, கடைசியாகப் பாவித்த பிரிண்டரையே முதன்மைப் பிரிண்டராக ஆக்குகிற ஒரு சுவிட்ச் இருக்கிறது. அது செற்றிங்ஸ் பக்கத்தில் இருக்கிறது. அண்ணை பதினைந்து வருடமாகப் பிரிண்டர் பார்ப்பது கொன்ட்ரோல் பனலில். அந்தச் சுவிட்ச்சை அவர் தன் கண்ணால் கண்டதே இல்லை.

நியாயத்தையும் சொல்ல வேண்டும். பழைய பெட்டிகளை ஒரே நாளில் எறிய முடியாது. ஓடியோ, பிரிண்டர், மவுஸ் செய்கிற கொம்பனிகள் தங்கள் பக்கங்களைக் கொன்ட்ரோல் பனலோடு பொருத்தி வைத்திருக்கின்றன. பழைய புரோகிராம்களும் அப்படித்தான். இருபது வருடத்துக்கு முந்திய பக்கம் கட்டுகிற மென்பொருளில் கலியாணக் கார்ட் அடிக்கிறவர்கள் யாழ்ப்பாணத்தில் இன்னும் இருக்கிறார்கள், அது இன்றைக்கும் ஓடுகிறது என்றால் பழையதை மதிக்கிற அந்தக் குணத்தால்தான். அதை நான் குறை சொல்ல மாட்டேன். பழையது பழையபடியே இருந்திருந்தாலும் படித்தவர்களுக்கு அது காணும். முழுக்கப் புதியது வந்திருந்தால் ஒரு தரம் கஷ்டப்பட்டுப் படித்திருப்போம். அரைவாசியைக் கொண்டுபோய் முன்னுக்கு வைத்துவிட்டு, மிச்சத்தைப் பின்னுக்கே விட்டு, பதினைந்து வருடத்தை நெருங்கப் போகிறார்கள். அதுதான் பிழை.

இந்த விடயம் இப்போது கூடியிருப்பதற்குக் காரணம் இருக்கிறது. 2025 ஒக்டோபர் 14-உடன் விண்டோஸ் 10-க்கான வழமையான ஆதரவு முடிந்தது. 11-க்கு ரிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் வேண்டும், புரொசஸரும் கிட்டடியில் வந்ததாக இருக்க வேண்டும். கஸ்தூரியார் வீதியில் வாங்கிய செக்கன்ட் ஹான்ட் மெசின் எத்தனை அதற்குத் தகும்? ஆகவே ஒரு வீட்டில் 10, பக்கத்து வீட்டில் 11. அக்காவுக்கு வேலை செய்த வழி தங்கச்சிக்கு வேலை செய்யாது. இடைமுகத்தைத் தமிழுக்கு மாற்றினாலும் தமிழ் எல்லா இடத்துக்கும் வருவதில்லை, உள்ளே போகப் போக ஆங்கிலம் வந்துவிடும். தமிழை நம்பி உள்ளே போன ஆள் மூன்றாவது பெட்டியில் தனியே நிற்கிறார்.

நான் கேட்பது பெரிய விடயம் இல்லை. சத்தத்தைப் பற்றியது எல்லாம் சத்தத்தின் பக்கத்தில் இருக்கட்டும், மொழியைப் பற்றியது எல்லாம் மொழியின் பக்கத்தில் இருக்கட்டும். ஒரு பகுதியை மாற்றுவதென்றால் அதை முழுக்க மாற்றி முடித்துவிட்டு அடுத்ததில் கை வைக்கட்டும். வைத்த பெயரை மாற்ற வேண்டாம். 11-இன் வட்டமான மூலையும் கண்ணாடி நிறமும் இல்லாமல் நாங்கள் இருப்போம்.

விண்டோஸ் கீயையும் எஃப்-ஐயும் ஒன்றாக அமத்தினால் கருத்து அனுப்புகிற பக்கம் ஒன்று திறக்கும். மொழிப் பிரச்சினையை நான் நேற்று இரவு படத்தோடு எழுதி அனுப்பினேன். இலங்கையில் இருந்து மூன்று மொழியில் அடிக்கிறவர்கள் தயவுசெய்து நீங்களும் அனுப்புங்கள். எங்களுடைய குரல் அங்கே குறைவு.

இன்னொன்று. வயது போனவர்களுக்காக, போனில் வாசித்துக் காட்டக்கூடிய மாதிரித் தமிழில் சில தாள்கள் எழுதத் தொடங்கியிருக்கிறேன். மைக், ஸ்பீக்கர், எழுத்தின் அளவு, கீபோர்ட், பிரிண்டர் என்று ஒவ்வொன்றுக்கும் 10-க்கு ஒரு தாள், 11-க்கு ஒரு தாள். முதல் பிரதி ரீச்சருக்கு, அவர் பிழை திருத்தித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். உங்கள் வீட்டில் யார் எந்த இடத்தில் தடக்குப்பட்டு நிற்கிறார்கள் என்று கீழே எழுதுங்கள். எழுதும்போது அது எந்தப் பதிப்பு என்பதையும் போடுங்கள். தெரியாவிட்டால் விண்டோஸ் கீயோடு ஆர்-ஐ அமத்தி, வருகிற சின்னப் பெட்டியில் டபிள்யூ, ஐ, என், வி, ஈ, ஆர் என்று அடித்து என்ரர் கொடுங்கள். அதில் வருகிற இலக்கத்தைப் படம் பிடித்துப் போட்டாலும் காணும்.