ஊர்வசியின் அம்மாக்கள்

2025 ஆகஸ்டில் அறிவிக்கப்பட்ட 71ஆவது தேசியத் திரைப்பட விருதுகளில், ‘உள்ளொழுக்கு’ என்ற மலையாளப் படத்துக்காக ஊர்வசிக்குச் சிறந்த துணை நடிகை விருது கிடைத்தது. இதே படத்தின் இதே பாத்திரத்துக்குக் கேரள அரசு ஓராண்டுக்கு முன்பே சிறந்த நடிகை விருதை வழங்கியிருந்தது. அந்தப் பிரிவில் அது அவருக்கு ஆறாவது விருது. முதன்மை, துணை என்று பிரிப்பதற்கு என்ன அளவுகோல் வைத்திருக்கிறீர்கள் என்று ஊர்வசி பொதுவெளியிலேயே கேட்டார். கிடைத்ததை வாங்கிக்கொண்டு பேசாமல் இருந்திருக்கலாமே என்று சிலர் முகம் சுளித்தார்கள். எனக்கு அவர் கேட்டது முற்றிலும் நியாயமாகவே பட்டது.

கேரளத்தின் தாழ்நிலப் பகுதியான குட்டநாட்டில் வெள்ளம் வடியாததால் இறந்துபோன மகனைக் குடும்பக் கல்லறையில் அடக்கம் செய்ய முடியாமல் காத்திருக்கும் லீலாம்மாவாக அவர் அதில் நடித்திருக்கிறார். மருமகளின் வயிற்றில் வளரும் குழந்தை தன் மகனுடையது இல்லை என்று தெரியவரும்போது, அந்தத் தாய்க்கு ஆத்திரம் வருகிறது, அவமானம் வருகிறது, இவளும் போய்விட்டால் தனக்கென்று யார் இருக்கிறார்கள் என்ற பயமும் வருகிறது. இவற்றில் எதையும் அவர் உரக்கச் சொல்வதில்லை. மருமகளாக நடித்த பார்வதியும் அவரும் சரிபாதியாகத் தூக்கிச் சுமக்கும் படம் அது. அவர்களில் ஒருவர் நாயகி, மற்றவர் துணை என்று எந்தத் தராசில் நிறுத்தார்கள் என்பது தேர்வுக் குழுவுக்கே வெளிச்சம்.

விருதுக் கணக்கு ஒருபுறம் இருக்கட்டும். நாயகி வயதைக் கடந்த நடிகைக்குத் தமிழ் சினிமா ஒதுக்கிவைத்திருக்கும் ஒரே நாற்காலி அம்மா வேடம். வாசலில் நின்று மகனுக்காகக் கண்கலங்குவது, சாப்பிட்டாயா என்று கேட்பது, இடைவேளைக்குப் பிறகு மருத்துவமனையில் படுத்துக்கொள்வது என்று அதன் வேலைகளும் ஏறக்குறைய முன்பே தீர்மானிக்கப்பட்டவை. அதே நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, ஒவ்வொரு படத்திலும் வேறொரு பெண்ணாக ஊர்வசி எழுந்து வருகிறார் என்பதைத்தான் இங்கே சொல்ல விரும்புகிறேன்.

2020 அக்டோபர், நவம்பர் மாதங்களை எடுத்துக்கொள்வோம். திரையரங்குகள் முடங்கி, எல்லாப் படங்களும் வீட்டுத் திரைக்கு வந்த காலம். ‘புத்தம் புதுக் காலை’ தொகுப்பில் சுதா கொங்கரா இயக்கிய குறும்படத்தில், பிள்ளைகளுக்குத் தெரியாமல் காதலனின் வீட்டுக்கு வந்து, ஊரடங்கில் அங்கேயே மாட்டிக்கொள்ளும் நடுவயதுப் பெண்ணாக அவர் வந்தார். நான்கு வாரங்கள் கழித்து, தீபாவளியையொட்டி, அதே இயக்குநரின் ‘சூரரைப் போற்று’ வெளியானது. தந்தையின் கடைசி நேரத்தில் விமான டிக்கெட்டுக்குப் பணம் போதாமல் தவித்து, எல்லாம் முடிந்த பிறகு வீடு வந்து சேரும் மகனைப் பார்த்து, இப்போது ஏன் வந்தாய் என்று தாய் பேச்சியாக ஊர்வசி கதறும் காட்சியை மறந்தவர் இருக்க முடியாது. அழுகையும் வசையும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு வெளியேறும் குரல் அது. மகனை அடிக்கவும் அணைக்கவும் ஒரே சமயத்தில் தவிக்கும் உடம்பு அது. அந்தக் காட்சியிலிருந்து நாம் மீள்வதற்குள், இரண்டே நாளில் ‘மூக்குத்தி அம்மன்’ வந்தது. கணவன் விட்டுப்போன பிறகு மகனையும் மூன்று மகள்களையும் வளர்த்த நாகர்கோவில் பால்தங்கமாக, குலதெய்வத்தோடு பக்கத்து வீட்டுக்காரியிடம் பேசுவதுபோல் பேசிச் சிரிக்கவைத்தார்.

இந்த மூன்றையும் அடுத்தடுத்துப் பார்த்தால் ஒன்று பிடிபடும். நகைச்சுவைக்கு ஒரு பாணி, சோகத்துக்கு ஒரு பாணி என்று அவர் தனித்தனியாக வைத்துக்கொள்ளவில்லை. வாக்கியத்தைத் தொடங்கிவிட்டு, பாதியில் வேறொன்று நினைவுக்கு வந்து, மூச்சு முட்ட அதன் பின்னால் ஓடி, கடைசியில் தொடங்கிய இடத்தையே மறந்துவிடும் பேச்சு அவருடையது. பால்தங்கம் அப்படிப் பேசினால் சிரிப்பு வருகிறது; பேச்சி அப்படிப் பேசினால் வயிறு கலங்குகிறது. வசனத்தை மனப்பாடமாக ஒப்பிக்காமல் அந்தக் கணத்தில் யோசித்துப் பேசுகிறார் என்ற நம்பிக்கையை அவரளவுக்குத் தரும் நடிகர்கள் இன்று மிகச் சிலரே.

இது வயதோடு வந்த திறமை என்று சொல்லிவிட முடியாது. 1983இல் ‘முந்தானை முடிச்சு’ படத்தில், பச்சைக் குழந்தையைத் தாண்டிப் பொய்ச் சத்தியம் செய்யும் பரிமளமாக நடித்தபோது அவர் பதின்ம வயதுச் சிறுமி. ‘மைக்கேல் மதன காமராஜன்’ திரிபுரசுந்தரியின் பாலக்காட்டு வெகுளித்தனத்தைத் தமிழர்கள் இன்னும் கொண்டாடுகிறார்கள். 1994இன் ‘மகளிர் மட்டும்’ படத்தில் மேலதிகாரியிடம் சிக்கித் தவிக்கும் ஆசாரமான ஜானகியாக இருந்தவர், அதே தலைப்பில் 2017இல் வந்த வேறொரு படத்தில், வருங்கால மருமகளின் துணையோடு பள்ளித் தோழிகளைத் தேடிப் புறப்படும் கோமாதாவாக வந்தார். ‘உத்தம வில்லன்’ படத்தில் நட்சத்திர நடிகரின் மனைவியாக வருவது சில காட்சிகளே என்றாலும், கணவன் தன்னை ஒருபோதும் முழுதாக நேசித்ததில்லை என்று தெரிந்தே வாழ்ந்துவிட்ட பெண்ணின் கசப்பு அந்தச் சில காட்சிகளுக்குள்ளேயே நிறைந்திருக்கிறது.

‘வீட்ல விசேஷம்’ எனக்கு இன்னொரு காரணத்துக்காகவும் பிடிக்கும். திருமண வயதில் மகன் இருக்கும்போது கருவுறும் பெண்ணின் கூச்சத்தையும் உள்ளூர ஒளிந்திருக்கும் மகிழ்ச்சியையும் அவர் காட்டும்போது, எதிரே மாமியாராக அமர்ந்திருப்பவர் கே.பி.ஏ.சி. லலிதா. படம் வெளியாகும் முன்பே அவர் மறைந்துவிட்டார். பக்க வேடங்களிலேயே பெரும் சாதனை செய்த அந்த மூத்த கலைஞரோடு ஊர்வசி ஒரே சட்டகத்தில் நிற்பதைப் பார்ப்பதற்கென்றே அந்தப் படத்தை மீண்டும் பார்க்கலாம்.

எல்லாப் படங்களிலும் அவரைச் சரியாகப் பயன்படுத்தினார்கள் என்று சொல்ல மாட்டேன். ‘படபட’வெனப் பேச வைத்தால் போதும், அவரே பார்த்துக்கொள்வார் என்று எழுதாமலேயே விட்டுவிட்ட பாத்திரங்கள் ஏராளம், அவற்றில் அவர் சில சமயம் தேவைக்கு மேல் சத்தம் போடுவதும் உண்டு. 2024இல் வந்த ‘ஜெ பேபி’ இதற்கு நேர்மாறானது. மனம் பிறழ்ந்து வீட்டைவிட்டுப் போய்க் கொல்கத்தாவில் அகப்பட்ட தாயை, பேச்சுவார்த்தை இல்லாத இரு மகன்கள் தேடிச் செல்லும் கதையில், அந்தத் தாயைப் பரிதாபத்துக்குரியவளாகவும் தாங்க முடியாத தொல்லையாகவும் ஒரேசேரக் காட்ட அவருக்கு இடம் கொடுத்தார் இயக்குநர் சுரேஷ் மாரி. படத்தின் பெயரே அவருடைய பாத்திரத்தின் பெயர். ஆனால் திரையரங்குகளில் அந்தப் படத்துக்குக் கிடைத்த கவனம் மிகக் குறைவு. இன்னும் பார்க்காதவர்கள் அதை முதலில் பாருங்கள், பிறகு ‘உள்ளொழுக்கு’ பாருங்கள்.