வார்டுக்குள் மேடை போடாதீர்கள்

குழந்தைகள் தினம் வந்தால் போதும், நாற்பது பேர் ஒரு வேனில் வந்து மருத்துவமனை வாசலில் இறங்குவார்கள். பேனர், ஸ்பீக்கர், கோமாளி வேஷம், பழக்கூடை, சிறப்பு விருந்தினர். ஒரு மணி நேரம் ஆடிப் பாடி, போட்டோ எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். நல்ல மனசோடுதான் செய்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் வார்டு தாங்கும் நாடகம் இது கிடையாது. இரண்டு நடிகர்கள், ஒரு கட்டில், பத்து நிமிஷம். வாரம் ஒருமுறை, அதே ஆட்கள், அதே கிழமை. அவ்வளவுதான் அதன் அளவு.

இதொன்றும் புதுக் கண்டுபிடிப்பு இல்லை. நியூயார்க்கில் பிக் ஆப்பிள் சர்க்கஸின் கோமாளி மைக்கேல் கிறிஸ்டென்சன் 1986-இல் குழந்தைகள் வார்டுக்கென்றே ஒரு கோமாளிக் குழுவைத் தொடங்கினார். அதில் வேலை பார்த்த கரோலின் சிமண்ட்ஸ் 1991-இல் பிரான்சுக்குப் போய் ‘லே ரீர் மெத்சேன்’ அமைப்பை உருவாக்கினார். அந்த அமைப்பிலிருந்து வார்டுக்குப் போகிறவர்கள் பயிற்சி பெற்ற தொழில்முறை நடிகர்கள், ஜோடியாகத்தான் போவார்கள், சம்பளமும் உண்டு. சென்னையில் லிட்டில் தியேட்டர் குழுவினர் எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனையில் இந்த வகைக் கோமாளி வேலையைச் செய்திருக்கிறார்கள்.

ஜோடி எதற்கு? தனி ஆளாகப் போனால் நோயாளியோடு பேசியே ஆகவேண்டும், அவரும் பதில் சொல்லியே ஆகவேண்டும். இருவர் இருந்தால் தங்களுக்குள் சண்டை போட்டுக்கொள்ளலாம். நோயாளி சும்மா பார்த்துக்கொண்டிருக்கலாம், பிடித்தால் நடுவில் நுழையலாம். புற்றுநோய்க்கான கீமோ மருந்தால் வாயெல்லாம் புண்ணாகிக் கிடக்கும் நோயாளியால் பதில் பேச முடியாது, ஆனால் பார்க்க முடியும்.

உள்ளே நுழையும் முன் திரைக்கு வெளியே நின்று அனுமதி கேட்க வேண்டும். இதை மரியாதைக்கான சடங்கு என்று நினைக்காதீர்கள், வேலையில் பாதி இதுதான். ஊசி, டிரிப், ரத்தம் எடுப்பது என நாள் முழுக்க அந்தக் குழந்தையைக் கேட்காமலே எல்லாம் நடக்கிறது. குழந்தை “வேண்டாம்” என்று சொன்னதும் உடனே நடப்பது இந்த ஒன்று மட்டுமாகத்தான் இருக்கும். “போ” என்று சொன்னால் கோமாளி தடுமாறி, கதவில் இடித்துக்கொண்டு ஓட வேண்டும். பல குழந்தைகள் திரும்பக் கூப்பிட்டு மறுபடி விரட்டும். ஐந்து தடவை விரட்டினால் ஐந்து தடவையும் ஓடுங்கள். அதுதான் அன்றைய நாடகம்.

அனுமதிக் கடிதத்தை மருத்துவமனைத் தலைவரான டீனோ, நிலைய மருத்துவ அதிகாரியான ஆர்எம்ஓவோ தருவார். வார்டை உண்மையில் திறந்துவிடுவது இன்சார்ஜ் சிஸ்டர்தான். ஒவ்வொரு முறையும் வேஷம் கட்டுமுன் கால் மணி நேரம் அவரோடு உட்காருங்கள். யாருக்கு வெள்ளை அணு குறைவு, யார் தனிமைப்படுத்தலில், யாருக்கு வலிப்பு, யார் ஆபரேஷனுக்காக வெறும் வயிற்றில் இருக்கிறார், நேற்றிரவு எந்தக் கட்டில் காலியானது. காலையிலிருந்து தண்ணீர்கூடக் குடிக்காத பையன் முன்னால் தோசைத் திருட்டுக் காமெடி போட்டால் அதைவிடக் கொடுமை இல்லை. நேரம், டாக்டர் ரவுண்ட்ஸ் முடிந்து மதியச் சாப்பாடு வருவதற்குள்.

சுத்தம் விஷயத்தில் பேரமே கிடையாது. முழங்கைக்குக் கீழே வாட்ச், வளையல், மோதிரம், கயிறு எதுவும் கூடாது. ஒவ்வொரு கட்டிலுக்கு முன்னும் பின்னும் சானிடைசரை 20 முதல் 30 விநாடி தேய்க்க வேண்டும். வயிற்றுப்போக்கு நோயாளி என்றால் சோப்பும் தண்ணீரும்தான், சில கிருமிகளுக்கு ஆல்கஹால் உறைக்காது. துடைக்க முடியாத பொருள் எதுவும் கட்டிலுக்கு வரக்கூடாது. சாக்ஸ் பொம்மை செய்தால் ஆளுக்கு ஒன்று, அவருக்கே சொந்தம், அடுத்த கட்டிலுக்குப் போகாது. ரப்பர் பலூன் வேண்டவே வேண்டாம். பலூன் ரப்பரான லேடெக்ஸ் சிலருக்கு ஒவ்வாமல் போகலாம், வெடித்த துண்டு சின்னக் குழந்தையின் தொண்டையில் சிக்கலாம். சென்ட், மல்லிகைப்பூ இரண்டையும் வீட்டிலேயே விட்டுவிடுங்கள். கீமோ வார்டில் அந்த வாசனையே குமட்டும். முகம் முழுக்க வெள்ளை பூசினால் குழந்தைகள் மிரளும், சிவப்பு மூக்கு ஒன்றே போதும்.

பெரியவர்களுக்குச் செய்ய நினைத்தால் டயாலிசிஸ் யூனிட்டிலிருந்து தொடங்குங்கள் என்பேன். ஒரு முறைக்கு சுமார் நான்கு மணி நேரம், வாரத்துக்கு இரண்டு மூன்று முறை, நகர முடியாமல் அதே நாற்காலியில் அதே ஆட்கள். தொடர்கதை போடலாம்! இரண்டாவது மணி நேரம்தான் சரியான நேரம். கடைசியில் ரத்த அழுத்தம் இறங்கும், கால் சுண்டி இழுக்கும், அப்போது போய் நின்றால் எரிச்சல்தான் மிஞ்சும். கைதட்டச் சொல்லாதீர்கள். ஒரு கையில், டயாலிசிஸுக்காக ரத்தக்குழாயை இணைத்துச் செய்த ஃபிஸ்டுலாவில், ஊசிகள் இருக்கும், அசைந்தால் ஆபத்து. கால் கட்டைவிரலை ஆட்டுவதுதான் கைதட்டல் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள், அதுவே ஒரு காமெடியாகிவிடும். வயிற்றில் தையல் போட்டவர்களுக்கு ஒரு தலையணையைக் கொடுத்து, சிரிப்பு வந்தால் தையல் மேல் அழுத்திக்கொள்ளச் சொல்ல வேண்டும்.

கூத்துக் கலைஞர்களை அழைத்துவரும் நண்பர்களுக்குத் தனியாக ஒன்று. நோயாளிகள் இருக்கும் அறைகளில் சத்தம் 35 டெசிபலைத் தாண்ட வேண்டாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல். சாதாரணப் பேச்சே 60 வரை போகும். மத்தளமும் முகவீணையும் வராந்தாவுக்குக்கூட வேண்டாம். கூத்தின் கோமாளியான கட்டியங்காரனை மட்டும் அழைத்து வாருங்கள். ராஜாவைக் கிண்டல் செய்துகொண்டே பார்ப்பவர்களிடம் நேராகப் பேசும் ஆள், கட்டிலோரத்துக்கென்றே பிறந்த பாத்திரம். கதையைப் பார்த்து எடுங்கள். ‘கர்ண மோட்சம்’ வடதமிழகத்தில் துக்க வீட்டுக் காரியத்துக்கு ஆடுவது. விழுப்புரம், திருவண்ணாமலைப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் படுத்திருக்கும்போது அதில் ஒரு பாட்டு எடுத்தாலே போதும், அவருக்குப் புரிந்துவிடும். தோல்பாவை என்றால் அதன் கோமாளி ஜோடியான உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் போதும். விளக்குக்கு எல்இடி பல்புதான், ஆக்ஸிஜன் ஓடும் இடத்தில் எண்ணெய் விளக்கு கூடவே கூடாது. சானிடைசர் பட்டால் தோல் கெட்டுப்போகும், அதனால் பாவையை யார் கையிலும் கொடுக்காதீர்கள்.

நோயாளியே தன் கதையைச் சொல்ல, நடிகர்கள் அதை உடனே நடித்துக் காட்டும் பிளேபேக் முறையை வார்டில் செய்வதில் எனக்கு உடன்பாடு இல்லை. பத்துப் பேர் படுத்திருக்கும் அறையில் ஒருவரின் புண்ணைக் கிளறிவிட்டு நாம் வீட்டுக்குப் போய்விடுவோம். கவுன்சலர் கூடவே இருந்தால் யோசிக்கலாம்.

இதனால் என்ன பலன் என்று டாக்டர்கள் கேட்பார்கள். நோய் குணமாகும் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். 2020-இல் பிஎம்ஜே என்ற மருத்துவ இதழில் வந்த தொகுப்பாய்வு 24 ஆய்வுகளை, 1,612 குழந்தைகளை எடுத்துப் பார்த்தது. பதற்றம் குறைவது பலவற்றில் தெரிந்தது, வலியில் முடிவு கலவையாக இருந்தது. 2005-இல் இத்தாலியில் 40 குழந்தைகளை வைத்து நடந்த ஆய்வு இன்னும் சுவாரஸ்யம். மயக்க மருந்து கொடுக்கும்வரை கோமாளி கூடவே இருந்த குழந்தைகளிடம் பயம் குறைந்தது. ஆபரேஷன் தியேட்டர் ஊழியர்களும் அதை ஒத்துக்கொண்டார்கள், ஆனாலும் வேலை தடைபடுகிறது, தொடர வேண்டாம் என்றுதான் பெரும்பாலானோர் சொன்னார்கள். அவர்கள் சொன்னது நியாயம். ஆபரேஷன் தியேட்டருக்குப் போவதானால் அரை மணி நேரம் முன்னதாகவே குழந்தையோடு பழகிவிட வேண்டும், மயக்க டாக்டர் கை அசைத்ததும் வாயை மூடிக்கொள்ள வேண்டும்.

இதற்கெல்லாம் காசு? பேனருக்கும் மேடைக்கும் பொன்னாடைக்கும் செலவழிக்கும் நிறுவனங்கள் அந்தப் பணத்தை இரண்டு நடிகர்களின் சம்பளமாகக் கொடுக்கட்டும். இலவசத் தொண்டர் மூன்றாவது வாரமே வேறு வேலை வந்து நின்றுவிடுவார். ரத்தப் புற்றுநோய் சிகிச்சை இரண்டு மூன்று வருஷம் இழுக்கும், குழந்தை கிழமை பார்த்துக் காத்திருக்கும். ஜோடியில் ஒருவருக்குச் சளி, இருமல் என்றால் அன்று போகவே கூடாது. வீட்டில் யாருக்காவது அம்மை என்றால் சுமார் மூன்று வாரம் புற்றுநோய் வார்டுப் பக்கமே தலைகாட்டக் கூடாது. அப்படி நின்றுபோகும் நாளில் காலையிலேயே வார்டுக்கு போன் போட்டுச் சொல்லிவிடுங்கள், அடுத்து எந்தக் கிழமை வருவோம் என்பதையும் சேர்த்து.