துப்பு எங்கே ஒளிந்திருக்கிறது?

விலங்குகளே மனிதர்களாக நடமாடும் துப்பறியும் காமிக்ஸ் 'பிளாக்சாட்'. அதன் இரண்டாம் ஆல்பத்தை (பெரிய அளவு காமிக்ஸ் புத்தகம்; ஆர்க்டிக் நேஷன், 2003) பற்றி நான் படித்த ஒரு கட்டுரை, கதையை மட்டும் பாராட்டுகிறது. காணாமல்போன கறுப்பினச் சிறுமி, போலீஸ் தலைவர் கரூப், வெள்ளை நிறவெறிக் கும்பல் எல்லாம் சரிதான். ஆனால் ஆல்பத்தில் கதையின் பாதியைச் சொல்வது ஓவியர் குவார்னிடோவின் வாட்டர்கலர்தான். யாருடைய ரோமம் என்ன நிறம் என்பதே அங்கே அரசியல். முடிச்சும் அங்கேதான், அவிழ்க்க மாட்டேன்! கறுப்பு வெள்ளையில் அச்சிட்டால் துப்பே போய்விடும்.

தமிழில் கொண்டுவர நினைப்பவர்கள் கவனிக்க: ஐரோப்பிய ஆல்பங்களில் கதையின் ஒற்றைப்படைப் பக்கங்கள் வழக்கமாக வலப்புறம் வரும். கதை எழுப்பும் கேள்வி அந்தப் பக்கத்தின் கடைசிக் கட்டத்தில், பதில் பக்கத்தைப் புரட்டியதும். முன்னால் 'ஆசிரியர் பக்கம்' என்று ஒரே ஒரு பக்கத்தைச் செருகினால் வரிசை இடம் மாறி, கேள்வியும் பதிலும் எதிரெதிரே வந்து நிற்கும். சேர்ப்பதானால் இரண்டாகச் சேருங்கள்.

அளவும் முக்கியம். சுமார் 24 x 32 செ.மீ. ஆல்பத்தை ஏ5-க்குச் சுருக்கினால் 9 பாயிண்ட் எழுத்து சுமார் 5.5 ஆகிவிடும். தமிழ்ச் சொற்களோ நீளமானவை, வசன பலூனில் அடங்காது. உடனே வசனத்தை வெட்டுவார்கள். வெட்டுப்படுவது பெரும்பாலும் சாட்சி போகிறபோக்கில் சொல்லும் அந்த ஒரு வரிதான்.